பழைய வணிக வானொலிக் கருவியை அமெச்சூர் (பொழுதுபோக்கு வானொலி) பயன்பாட்டுக்கு மாற்றும்போது
அமெரிக்காவில் 150–174 மெகாஹெர்ட்ஸ் வணிக வானொலிகள் 2013 ஜனவரி 1-க்குள் 12.5 கிலோஹெர்ட்ஸ் குறும்பட்டைக்கு (குறுகிய சேனல் அகலத்துக்கு) மாற வேண்டும் என்று தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. விதித்ததால், வணிகப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட மோட்டோரோலா ஜிஎம்300 போன்ற உறுதியான பழைய வண்டிக் கருவிகள் பல அமெச்சூர்களின் கைக்கு மலிவாக வந்தன. 2 மீட்டர் அமெச்சூர் அலைவரிசையில், சிக்னலைப் பெற்று மீண்டும் அனுப்பும் நிலையமான ரிப்பீட்டரில் பேச அவை இன்றும் அருமையானவை.

ஜிஎம்300-இல் சேனல்களைப் பதியும் நிரலாக்க மென்பொருள், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் இயங்குவது. வேகமான கணினியில் நேரக்கணக்கு பிசகித் தொடர்பு அறுந்துவிடும் என்பதால், சீரியல் போர்ட் உள்ள பழைய கணினியைத் தேடிப் பிடிப்பதே நல்லது. கணினி, வானொலிக் கருவி இரண்டின் மின்னழுத்த நிலைகளும் வேறுபடுவதால் நடுவில் இடைமுகப் பெட்டியும் கட்டாயம் வேண்டும்.

எதையும் எழுதுவதற்கு முன் கருவியில் உள்ள கோட்ப்ளக்கை (அதன் அமைப்புகள் அடங்கிய தரவுக் கோப்பை) படித்து, இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள். அந்தக் கருவிக்கே உரிய சீரமைப்பு அளவுகளும் அதில் அடங்கியிருப்பதால், நண்பரின் கோப்பை அப்படியே ஏற்றுவது பெரும் தவறு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

பிறகு முந்தைய உரிமையாளரின் சேனல்களை ஒன்றுவிடாமல் நீக்கிவிட்டு உங்கள் ரிப்பீட்டரைப் பதியுங்கள். உங்கள் கருவியின் ஏற்பு அதிர்வெண் 146.94 மெகாஹெர்ட்ஸ் என்றால், 600 கிலோஹெர்ட்ஸ் குறைத்து அனுப்புகை அதிர்வெண் 146.34 ஆகும், ரிப்பீட்டர் கேட்கும் சிடிசிஎஸ்எஸ் தொனியை (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலியை) அனுப்புகைப் பக்கத்தில் இடுங்கள். முதல் அனுப்புகையை, அமெச்சூர் உரிமம் உள்ளவர் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மின்திறனை உறிஞ்சும் மின்தடையில்) சோதித்த பிறகே ஆன்டெனாவை இணைக்க வேண்டும்.