பேரன்ட்ஸ் மீட்டிங்கில் விடைத்தாளைக் கேளுங்கள்

காலாண்டுத் தேர்வு முடிந்து பேரன்ட்ஸ் மீட்டிங் போனால், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். கணக்கு விடைத்தாளை வாங்கிப் புரட்டுங்கள். வழிமுறை சரியாக இருந்து கூட்டலில் மட்டும் தப்பா, கடைசி ஐந்து மார்க் கேள்வியைத் தொடவே இல்லையா? முன்னது கவனக்குறைவு. பின்னது நேரம் போதாததாகவோ பாடம் புரியாததாகவோ இருக்கலாம். எது என்று டீச்சரிடமே கேளுங்கள். "நல்லா படிக்கிறானா மிஸ்?" என்றால், "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும்" என்ற பதில்தான் வரும்!

கிளம்பும் முன், "மிஸ்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று பிள்ளையிடமும் கேளுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து போர்டு தெரியவில்லை என்பது அப்போதுதான் வெளியே வரும்.

அரசுப் பள்ளியில் கழிப்பறை, குடிநீர்க் குறை என்றால் வகுப்பாசிரியரைப் பிடித்துப் பயனில்லை. அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்.