எவர்லி சகோதரர்களின் இரட்டைக் குரல்: பாடுபவர்களும் கேட்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் என்றதும் இடுப்பை ஆட்டும் எல்விஸும், நின்றபடியே பியானோவை விளாசும் லிட்டில் ரிச்சர்டும்தான் கண்முன் வருவார்கள். அதே காலத்தில், 1957-இல், இரண்டு கிட்டார், இரண்டு குரல் என்று வந்து நின்றவர்கள் டான் எவர்லியும் அவர் தம்பி ஃபில் எவர்லியும். இவர்களைக் கேட்டுத்தான் பீட்டில்ஸும் சைமன் – கார்ஃபங்கலும் சேர்ந்து பாடக் கற்றார்கள்.

அந்தப் பாட்டுகள் கேட்கும்போது எளிதாகத் தெரியும். கிட்டாரில் மூன்று நான்கு கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கட்டு), மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு. அதனால் நண்பர்கள் இருவர் உட்கார்ந்து பாடிப் பதிவேற்றும் வீடியோக்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் ஸ்வரம் தப்பாது, தாளமும் தப்பாது. ஆனாலும் இரண்டு குரலும் எண்ணெயும் தண்ணீருமாகத் தனித்தனியே நிற்கும். திறமைக் குறைவு அதற்குக் காரணமில்லை. என்ன நடக்கிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வதுதான் காரணம்.

ஒருவர் பாடகர், மற்றவர் துணை என்று பிரிப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். எவர்லிகளில் டான் கீழ்க்குரல். பாட்டின் மெட்டு பெரும்பாலும் அவரிடம். ஃபில் அதற்கு மேலே பாடுவார். ஆனால் நம் காது மேலே ஒலிக்கும் குரலையே மெட்டு என்று எடுத்துக்கொள்ளும். எனவே அவர்களுடைய பாட்டை முணுமுணுக்கும் பலர், தமக்கே தெரியாமல் ஃபில்லின் வரியைத்தான் முணுமுணுக்கிறார்கள். அப்படி முணுமுணுக்க முடிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபில் பாடியது மெட்டுக்கு மேல் பூசிய அலங்காரம் அல்ல. அது தன் காலிலேயே நிற்கக்கூடிய இன்னொரு மெட்டு.

நீங்கள் அமைத்த ஹார்மனியை, அதாவது மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் இரண்டாவது குரல் வரியை, சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: மேல்குரல்காரரைத் தனியாகப் பாடச் சொல்லுங்கள். கேட்பவருக்கு ஒரு பாட்டாகப் பட்டால் சரி. ஏதோ ஸ்வரங்களை அங்கங்கே நிரப்பியதுபோல் இருந்தால் மறுபடி உட்காருங்கள்.

இந்தப் பிரிவினையின் உடனடி விளைவு சத்தத்தில் தெரியும். 'துணை' பாடுகிறோம் என்று நினைப்பவர் மைக்கைவிட்டு அரை அடி பின்வாங்குவார், வரியின் கடைசி எழுத்தை விழுங்குவார், மற்றவர் தொடங்கட்டும் என்று காத்திருந்து ஒரு இழை தாமதமாக நுழைவார். எவர்லிகளிடம் இந்தப் பணிவு கிடையாது. இரண்டு குரலும் சம பலத்தில் மோதி நிற்கும். டான் தனியாகப் பாடும் இடங்களும் உண்டு. அங்கே ஃபில் முழுக்க மௌனம். திரும்பி வரும்போது அரைகுறையாக வரமாட்டார்.

தூரத்தை அளந்து அப்படியே வைத்துவிடுவது

'மெட்டுக்கு மேலே மூன்றாவது ஸ்வரத்தைப் பாடு, ஹார்மனி வந்துவிடும்' என்பது எல்லாருக்கும் சொல்லித்தரப்படும் சூத்திரம். பாதி உண்மை. மெட்டு சங்கராபரண ஸ்வரங்களில் ச ரி க என்று ஏறினால் மேல்குரல் க ம ப என்று ஏறும். எவர்லி பாட்டுகளின் பெரும்பகுதி இப்படி இணையாகத்தான் நகர்கிறது.

ஆனால் இந்த இணைக்கோடுகளுக்கு இடையே இருக்கும் தூரம் ஒன்றல்ல. கீபோர்டில் வெள்ளை, கறுப்பு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ச-விலிருந்து க நான்கு கட்டை. ரி-யிலிருந்து ம மூன்றுதான். க–ப மூன்று, ம–த நான்கு, ப–நி நான்கு. செயலியில் 'நான்கு கட்டை மேலே' என்று போட்டுத் தன் குரலையே நகல் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மெட்டு ரி-க்கு வந்ததும் மேலே சுத்த மத்தியமத்துக்குப் பதில் பிரதி மத்தியமம் விழும். சங்கராபரணத்துக்குள் கல்யாணி எட்டிப்பார்க்கும்.

அதைச் சரிசெய்தாலும் பிரச்சினை தீராது, ஏனென்றால் கீழே கார்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ச–க–ப கார்ட்டின்மேல் மெட்டு ப-வில் வந்து நின்றால், சூத்திரப்படி மேல்குரல் நி பாட வேண்டும். அந்த நி கார்ட்டில் இருக்கும் ச-வோடு உரசும். ஜாஸில் அந்த உரசல் சுகம்; இந்தப் பாணியில் கல் கடித்ததுபோல் இருக்கும். அதனால் மேல்குரல் ஒரு படி தாண்டி மேல் ச-வுக்குப் போகும். ம–த–ச கார்ட்டின்மேல் மெட்டு ச-வில் நின்றாலும் இதே கதை: மேலே க வேண்டாம், ம. இப்படி ஒவ்வொரு கார்ட் மாறும்போதும் மேல்குரல் முடிவெடுத்துக்கொண்டே போகிறது. அந்த முடிவுகளின் தொடர்ச்சிதான் ஃபில்லின் வரியைத் தனி மெட்டாக்குகிறது.

இதன் உச்சத்தை 1960-இல் வந்த 'கேத்தீஸ் க்ளௌன்' பாட்டின் தொடக்கத்தில் கேட்கலாம். ஃபில் உயரத்தில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறார். டான் அங்கிருந்து படிப்படியாக இறங்குகிறார். ஒவ்வொரு படியிலும் இருவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அகல்கிறது, ஒவ்வொரு அகலத்துக்கும் வேறு நிறம். இணையாக நகர்வதுதான் ஹார்மனி என்று நினைப்பவருக்கு இந்தச் சில நொடிகளே போதும். ஏறத்தாழ மூன்று ஆண்டு கழித்து, 1963 ஜனவரியில், பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டில் பால் மெக்கார்ட்னி மேலே அசையாமல் நிற்க ஜான் லென்னன் கீழே இறங்கினார். அதே உத்திதான், லிவர்பூல் உச்சரிப்பில்.

கீபோர்டை வைத்து சுருதி பார்ப்பது

இதில் நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

நன்றாகச் சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். ச-வோடு 5:4 என்ற விகிதத்தில் நிற்கும் காந்தாரம் அது. அரை ஸ்வரத்தை நூறு சென்ட்டாகப் பிரித்தால் ச-விலிருந்து ஏறத்தாழ 386 சென்ட். கீபோர்டின் காந்தாரமோ 400-இல் இருக்கிறது, அதாவது 14 சென்ட் கூடுதல். மூன்று கட்டைத் தூரத்தில் பிசகு எதிர்ப்பக்கம்: 6:5 என்ற சுத்த விகிதம் 316 சென்ட் கேட்கும், கீபோர்டு 300 தரும். தனியாகப் பாடும்போது இந்த வித்தியாசம் யாரையும் உறுத்தாது. இரண்டு குரல் நீட்டிப் பிடிக்கும்போதுதான் அலை அலையாக ஒரு விம்மல் கேட்கும். கீபோர்டைத் தொடரும் குரல்கள் ஒட்டாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருவர் ச-வைப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் கீபோர்டின் காந்தாரத்தில் தொடங்கி மெல்லக் கீழே சரியட்டும். ஓரிடத்தில் விம்மல் அடங்கி, பாடாத மூன்றாவது ஒலி ஒன்று மேலே மிதப்பதுபோல் தோன்றும். அங்கே நில்லுங்கள். ட்யூனர் செயலி சிவப்பு காட்டும், காட்டட்டும். கிட்டாரும் கீபோர்டு கணக்கில்தானே சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கேட்கலாம். கிட்டாரின் ஒலி மீட்டியதும் தேயத் தொடங்கும். குரல் நீண்டு நிற்கும். எனவே பயிற்சியை வாத்தியம் இல்லாமலோ தம்புராவோடோ தொடங்குவது நல்லது.

கமகமும் பிருகாவும் இங்கே உதவாது. ஒரு குரல் அசைந்தால் இடைவெளியும் அசையும். சேர்ந்து நீட்டும் இடங்களில் நேராக நிறுத்திப் பாட வேண்டும். தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோவோ டெனரோ பாடியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

'அண்ணன் தம்பி என்பதால் வந்தது' என்று கைவிரிப்பது

ஒரே வீட்டுக் குரல்களுக்கு ஒற்றுமை உண்டு, மறுப்பதற்கில்லை. இவர்களுக்கு முன்பே டெல்மோர், லூவின் என்று சகோதரர்கள் சேர்ந்து பாடும் மரபு அமெரிக்கத் தென்பகுதியில் வேரூன்றியிருந்தது. ஆனால் ரத்தத்தோடு விளக்கத்தை முடித்துக்கொண்டால் உழைப்பு கண்ணில் படாமல் போகும். தந்தை ஐக் எவர்லி, கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த கிட்டார் கலைஞர். 1940-களில் அயோவா மாநிலத்தின் ஷெனண்டோவா ஊர் வானொலியில் குடும்பமாகப் பாடினார்கள். முதல் பெரிய வெற்றி வந்தபோது டானுக்கு இருபது வயது, ஃபில்லுக்குப் பதினெட்டு. அதற்குள் இருவரும் சேர்ந்து பாடியது ஏறக்குறைய பாதி வாழ்க்கை.

அந்த ஆண்டுகளில் அவர்களுக்குப் படிந்தது முக்கியமாக உயிரெழுத்து. ஒருவர் 'ஆ'-வை அகலத் திறந்து, மற்றவர் உதட்டைக் குவித்து 'ஆ' சொன்னால், ஸ்வரம் துல்லியமாக இருந்தாலும் இரண்டு ஆட்களாகவே கேட்கும். வரி முடிவில் மெய்யெழுத்து எந்த நொடியில் அடைபட வேண்டும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்பதும் அப்படியே. ஸ்வரப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் கொடுப்பவர்கள் இதற்குப் பத்து நிமிடம்கூடக் கொடுப்பதில்லை. மெட்டை விட்டுவிட்டு வரிகளைச் சேர்ந்து வாசித்துப் பாருங்கள், எங்கே பிரிகிறீர்கள் என்று உடனே தெரியும்.

ரத்தம் தேவையில்லை என்பதற்கு சாட்சி நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிப் பள்ளித் தோழர்கள் இருவர். 1957-இல் டாம் அண்ட் ஜெர்ரி என்ற பெயரில் எவர்லிகளைப் பின்பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார்கள். பின்னால் சைமன், கார்ஃபங்கல் என்ற சொந்தப் பெயர்களுக்கு வந்தார்கள். ரத்தம் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு, அது எவர்லிகளே. 1973-இல் கலிஃபோர்னியா மேடையில் ஃபில் கிட்டாரைப் போட்டு உடைத்துவிட்டு இறங்கிப் போனார். மறுபடி சேர்ந்து பாட 1983 ஆனது, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில்.

எல்லாவற்றையும் டூ-வாப் என்று சொல்வது

அக்கால ஹார்மனி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் ஒட்டுகிறார்கள். நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் தெருமுனையிலும் தேவாலயத்திலும் வளர்த்த குழுப்பாடல்தான் டூ-வாப். பால்டிமோரின் ஓரியோல்ஸ் 1948-இலேயே புகழ்பெற்றுவிட்டார்கள். அதில் ஒருவர் முன்னே பாட, பின்னால் ஆழ்ந்த அடிக்குரல் (பேஸ்), கள்ளக்குரல் (ஃபால்செட்டோ), பொருளில்லா அசைகள் என்று நான்கைந்து பேர் வாத்தியக்குழுவின் வேலையையே செய்வார்கள். எவர்லிகளிடம் அடிக்குரல் இல்லை, பின்னணி இல்லை. இருக்கும் இரண்டு குரலும் முன்னேதான்.

இதற்கு நேரெதிர்த் தவறு, இவர்களை வெறும் கண்ட்ரி பாடகர்கள் என்று ஒதுக்குவது. அவர்களுடைய 'பை பை லவ்' பாட்டின் தொடக்கத்தில் டானின் கிட்டார் போடும் வெட்டுவெட்டான அடியைக் கேளுங்கள். ரிதம் அண்ட் ப்ளூஸ் கலைஞர் போ டிட்லியைக் கேட்டுப் பெற்ற தாளம் அது. அந்த அடி இல்லாமல் மெல்ல இழைத்துப் பாடினால் தாலாட்டுதான் மிஞ்சும்.

பதிவிலும் தேர்விலும்

தனித்தனி அறையில், தனித்தனி நாளில் பதிவுசெய்து பிறகு இணைப்பது இன்றைய வழக்கம். போதாததற்கு ஆட்டோட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் இரண்டு குரலையும் கீபோர்டின் கட்டங்களில் கொண்டுபோய் உட்காரவைக்கும். கஷ்டப்பட்டுப் பிடித்த 386, மறுபடி 400 ஆகிவிடும். ஒரே மைக் முன் இருவரும் முகம் பார்த்து நின்று பாடுங்கள். யாராவது ஓங்கினால் அவரே கால் அடி பின்னால் போகட்டும். கலவையில் ஒருவரை இடது காதுக்கும் மற்றவரை வலது காதுக்கும் தள்ள வேண்டாம்.

கேட்பவர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு. கேடன்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பாடிய வெற்றிப் பாட்டுகளையே 1964-இல் வார்னர் நிறுவனத்துக்காக மறுபடி பாடிப் பதிவுசெய்திருக்கிறார்கள். பாடல் ஒன்று, பதிவு வேறு. முதல் பதிவுகள் வேண்டுமென்றால் 1957 முதல் 1960 வரையிலான கேடன்ஸ் தொகுப்பு என்று பார்த்து எடுங்கள். 1958-இல் அப்பா சொல்லிக்கொடுத்த பழைய பாட்டுகளை மட்டும் வைத்து இருவரும் ஓர் ஆல்பம் செய்தார்கள். கிட்டாரும் அடிநாதத்துக்கு ஒரு பேஸும்தான் துணை, டிரம்ஸ் கிடையாது. மேல்குரல் எந்தக் கார்ட்டில் எங்கே தாண்டுகிறது என்று குறிப்பெடுக்க நினைப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.