முதல் நிரலாக்க மொழி: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்வோம். வயதைக் கேட்க வேண்டும், அதோடு 1 கூட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

பைத்தானில் எழுதினால், கீபோர்டில் தட்டிய 25 எண்ணாக வராது, எழுத்தாகத்தான் வரும். அதோடு 1 கூட்டச் சொன்னால் நிரல் அங்கேயே நின்று, எழுத்தோடு எண்ணைச் சேர்க்க முடியாது என்று பிழை காட்டும். ஜாவாஸ்கிரிப்டில் பிரவுசரின் உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து வாங்கினால் எந்தப் புகாரும் வராது. விடை மட்டும் 251 என்று வந்து நிற்கும். சி மொழியில் எண்ணாகவே வாங்கலாம். ஆனால் மாறியின் (மதிப்பைச் சேமித்து வைக்கும் இடம், வேரியபிள்) பெயருக்கு முன்னால் & குறியை மறந்தால், வயதைத் தட்டியதும் பெரும்பாலும் நிரல் செத்துவிடும்.

'கஷ்டமான மொழியில் தொடங்கினால்தான் அடித்தளம் பலமாகும்' என்று நம்பி, துணைக்கு ஆள் இல்லாமல் சி அல்லது சி++ எடுப்பதைத் தவறு என்று நான் சொல்வது இதனால்தான். 1970களில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதுவதற்காக வளர்ந்த மொழி சி. நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று அதைப் போலச் சொல்லித் தரும் மொழிகள் குறைவு. பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். தனியாகப் படிப்பவருக்கு முதல் மாதத்தில் வேண்டியது, தவறு எந்த வரியில் என்று காட்டிக்கொடுக்கும் மொழி.

என்ன செய்யப்போகிறோம் என்று யோசிக்காமல் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பது இன்னொரு தவறு. இணையப் பக்கம் உயிரோடு இயங்க வேண்டுமா, ஜாவாஸ்கிரிப்ட். தரவுகளை அலச வேண்டுமா, பைத்தான். ஆண்ட்ராய்டு செயலி என்றால் கோட்லின். எட்டு வயதுக் குழந்தைக்கு என்றால், கட்டைகளை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் போதும்.

பெயரைப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 1995இல் வெளிவந்தவை என்பதைத் தவிர நெருங்கிய உறவு கிடையாது. ஒன்றைப் படிக்க வேண்டியவர் மற்றொன்றின் புத்தகத்தை வாங்கிவிட்டால் எத்தனை வாரம் வீண்!

அப்புறம், பழைய பாடங்கள். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இலேயே முடிந்துவிட்டது. அந்தக் காலப் பாடத்தில் பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இருக்காது. அதைப் பார்த்து அப்படியே தட்டினால் இன்றைய பைத்தான் முதல் வரியிலேயே பிழை என்று சொல்லும். படிப்பவரோ தன் மேல்தான் தவறு என்று நினைத்துவிடுவார். பாடம் எந்தப் பதிப்புக்கு என்று முதலில் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் சேதம் செய்வது பாதியில் மொழி மாறுவது. மூன்றாவது வாரத்தில் ஒரு பிழை பிடிபடாமல் போகும், அன்றைக்கே 'அந்த மொழிக்குத்தான் வேலை கிடைக்குமாம்' என்று யாராவது சொல்வார்கள். மொழி மாறினால் வேரியபிள், லூப், ஃபங்ஷன் போன்ற அடிப்படைகளை மறுபடியும் முதலிலிருந்துதான் படிக்க வேண்டும். அந்த நேரத்தில் மொழியை விட்டுவிட்டுப் பிழைச் செய்தியைப் பாருங்கள். பைத்தானில் அதன் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். என்ன தவறு என்பது அங்கேதான் இருக்கும். அதற்குச் சற்று மேலே வரி எண் இருக்கும். வயது நிரலில் செய்ய வேண்டியதெல்லாம், வாங்கிய எழுத்தை எண்ணாக மாற்றுவது ஒன்றுதான்.