விமானப் பயண நேரக் கணக்கு: டெல்லி – சான் பிரான்சிஸ்கோ வழியில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 12,400 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் 14 மணிநேரம்கூட வராது. இந்தக் கணக்கை நம்பி ஏர்போர்ட்டுக்கு ஆளை அனுப்பினால் அவர் காத்துக் கிடப்பார்.

முதல் தவறு அந்த 12,400-இலேயே இருக்கிறது. அது உருண்டைப் பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். அந்தக் கோடு சீனா, சைபீரியா, ஆர்க்டிக் கடல் என்று வடக்கே ஏறி இறங்குகிறது. சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இது தெரியவே தெரியாது. விமானம் அந்தக் கோட்டிலேயே போகும் என்பதும் நிச்சயமில்லை.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா இந்த விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் பக்கம் திருப்பியது. பறந்த தூரம் சுமார் 15,300 கி.மீ., பழைய வழியைவிட ஏறக்குறைய 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பதினாலரை மணிநேரத்தில் போய் இறங்கிவிட்டது. அட்லாண்டிக் வழியில் இன்னும் இரண்டு மணிநேரம் பிடித்திருக்கும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளியதுதான் காரணம். அதே காற்று எதிரே வந்தால் நேரம் நீளும். அதனால் போகிற நேரமே வருகிற நேரம் என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் பலமாக வீசும்.

என்றோ யாரோ எழுதிவைத்த பயண நேரத்தை இன்றைக்கும் நம்புவது இன்னொன்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், வட அமெரிக்காவுக்கு இடைநிற்காமல் போய்க்கொண்டிருந்த சில டெல்லி விமானங்கள் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டிவந்தது. டெல்லியும் சான் பிரான்சிஸ்கோவும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன!

டிக்கெட்டில் உள்ள மணிகளைக் கழிப்பவர்களும் உண்டு. அதிகாலை 4-க்குப் புறப்பாடு, அதே நாள் காலை 7-க்கு வருகை என்று போட்டிருந்தால் மூன்று மணிநேரப் பயணமா? இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிட 12½ மணிநேரம் பின்தங்கியது. ஆகப் பயணம் 15½ மணிநேரம். நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் வித்தியாசம் 13½ ஆகிவிடும். நம் ஊரில் இப்படி மாற்றும் வழக்கமே இல்லாததால் பலரும் கோட்டைவிடும் இடம் இது.

நள்ளிரவு விமானத்தில் தேதியையும் கவனியுங்கள். 14-ஆம் தேதி அதிகாலை 2 மணி என்றால் 13-ஆம் தேதி இரவே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 14 இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

சரியான நேரம் வேண்டுமானால் ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்களில் அது உண்மையில் எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று பாருங்கள்.