வால்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு ஒரு நாள்

பொள்ளாச்சியிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வால்பாறைக்கான இ-பாஸ் பதிவை முதல் நாளே முடித்துவிடுவது நல்லது. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறைச் சரிவைக் கவனியுங்கள். பாறை நிறத்திலேயே வரையாடு நிற்கும், சட்டென்று கண்ணில் படாது. வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்துக்கே வரும். தயவுசெய்து ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பழக்கத்தால்தான் அவை சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன.

வால்பாறையிலேயே சாப்பிட்டு, பெட்ரோலும் போட்டுக்கொள்ளுங்கள். கேரள எல்லையிலுள்ள மளுக்கப்பாறை சோதனைச் சாவடியை மதியத்துக்குள் தாண்டிவிட வேண்டும். மாலையில் வண்டியை விடமாட்டார்கள். அப்புறம் வாழச்சால் வரை வானத்தை மறைக்கும் காடு. கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால் இருவாச்சிப் பறவையின் சிறகோசை தலைக்கு மேலே பலமாகக் கேட்கும். என்னைக் கேட்டால், அதிரப்பள்ளி அருவியைவிட இந்தப் பகுதிதான் பயணத்தின் உயிர்.

யானை நின்றால் ஹாரன் வேண்டாம், கீழே இறங்கவும் வேண்டாம். தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். அதுவாகவே ஒதுங்கிப் போகும்.