காறை எலும்பைக் கையில் எடுத்துக் கண்ணை மூடுங்கள்

எனக்கு ஊர் நகரி. வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடும். 2021 மே மாதம் மருத்துவக் கல்லூரி மூடியிருந்தபோது முதலாண்டு உடற்கூறியலை அந்தச் சத்தத்தின் நடுவே கைபேசியில்தான் படித்தேன். எல்லாம் புரிந்தது. கல்லூரி திறந்ததும் நடந்த வாய்மொழித் தேர்வில் மார்பெலும்பிலிருந்து தோளுக்குப் போகும் காறை எலும்பு ஒன்றைக் கொடுத்து, "இது இடதா, வலதா?" என்றார்கள். திரையில் அம்புக்குறியோடு மட்டுமே பார்த்த எலும்பு. விழித்தேன்.

இந்த ஆண்டு சேரும் தம்பி தங்கைகளே, எதை எங்கே படிப்பது என்பதைப் பாடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கருவியலுக்குத் திரைதான் சரி. தட்டையான கரு மடிவதையும் குழாயாக இருந்த இதயம் வளைவதையும் எந்த ஆசிரியரும் கரும்பலகையில் ஓட்டிக் காட்ட முடியாது. நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். உயிர்வேதியியல் சுழற்சிகளுக்கும் பதிவு செய்த வகுப்பே போதும்.

எலும்புக்கு அது உதவாது. இரண்டு பேர் சேர்ந்தாவது ஒரு செட் வாங்குங்கள். காறை எலும்பை எடுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தடித்த முனை மார்பெலும்புப் பக்கம், தட்டை முனை தோள் பக்கம். உட்புற மூன்றில் இரண்டு பங்கு முன்னே புடைத்திருக்கும். அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் விரலில் தட்டுப்படும். மூன்றும் பொருந்தினால் பக்கம் தெரிந்துவிடும். எங்களுக்குப் பக்கத்திலுள்ள புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் இப்படித்தான் தடவிப் பார்ப்பார்கள். அந்த வைத்தியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த விரல்கள்மீது எனக்குப் பொறாமை உண்டு.

கைக்குப் போகும் நரம்புப் பின்னலைக் காணொளியில் நான்கு முறை பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. அதன் ஐந்து நரம்பு வேர்களுக்குப் பதிலாகத் தறியிலிருந்து ஐந்து இருபுரி நூல்களை எடுத்தேன். மேலிரண்டை ஒன்றாக முடிந்தேன், நடுநூல் தனி, கீழிரண்டு ஒன்று. இப்படிக் கிடைத்த மூன்று தண்டுகளையும் முன், பின் எனப் புரி பிரித்தேன். பின்புரி மூன்றும் ஒரே வடம். முன்புரிகளில் மேலிரண்டு ஒரு வடம், கீழது தனி வடம். நூல் வீணாகிறதே என்று முணுமுணுத்த அப்பாதான் தளர்ந்த முடிச்சையும் இறுக்கிக் கொடுத்தார்.

இரத்த அழுத்தம் பார்ப்பதை நேரில்தான் கற்க வேண்டும். கைப்பட்டையில் காற்றேற்றி, நாடி மறைந்த பிறகு அழுத்தத்தை மேலும் 30 மி.மீ. (பாதரச அளவு) ஏற்றி, நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் இறக்குங்கள். இறக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு தட்டொலி கேட்க வேண்டும். காணொளியில் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்ட அந்தத் தட்டொலி, விடுதி மின்விசிறிச் சத்தத்தில் எனக்குத் தொலைந்துபோனது. ஏழாவது தோழியின் கையில்தான் அகப்பட்டது.