வாட்ச் கண்ணாடிக்குள் பனி படர்கிறதா?

வெயிலில் இருந்து ஏசி அறைக்குள் நுழைந்ததும் வாட்ச் கண்ணாடியின் உள்பக்கம் மங்குகிறதா? உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சாவித் திருகு சரியாக அழுத்தப்படாமல் இருக்கும், அல்லது பின்மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும்.

முதலில் திருகை வெளியே இழுத்து வையுங்கள். முள் நிற்கும், ஈரம் வெளியேறவும் வழி கிடைக்கும். புது செருப்புப் பெட்டியில் வருமே, அந்த சிலிக்கா ஜெல் பைகள் நாலைந்தோடு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் மூடி வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அதன் மாவுத்தூள் உள்ளே போகும். ஹேர் டிரையர் கூடவே கூடாது. சூடு ரப்பரை இன்னும் கெடுக்கும்.

அப்புறம் கண்ணாடி மேல் ஒரு சொட்டு குளிர்ந்த நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். உள்ளே மறுபடி பனி தெரிந்தால் கடையில் திறந்து உலர்த்தி, ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். கடல் நீர் புகுந்திருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். உப்பு இயந்திரத்தை வேகமாக அரித்துவிடும்.

வாட்சில் ‘30 மீட்டர்’ வரை நீர் புகாது என்று போட்டிருந்தாலும் அது கை கழுவும்போது தெறிக்கும் நீருக்குத்தான், நீச்சலுக்கு இல்லை.